தாளின் பின்புறம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற வாரம் என் ஒன்பது வயது மகளுடன் ‘மை நெய்பர் டொட்டோரோ’ படம் பார்த்தேன். மழையில் இரண்டு சிறுமிகள் அப்பா வரும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் இடத்தில் அவள் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ கதை நகராமல் வெறும் பின்னணியையே காட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. விளம்பரத் துறையில் இருக்கும் என் தம்பியிடம் இதைச் சொன்னேன். இந்தப் படங்களின் காட்சிகளெல்லாம் பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களின் காப்பிதான் என்றான். ஹிரோஷிகே என்ற ஓவியரின் மழை, ஹசுய் என்பவரின் பனி, அவற்றின் பக்கத்திலேயே அனிமேஷன் காட்சிகள் என்று ஒட்டிவைத்த படங்களையும் அனுப்பினான். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

அவன் சொல்வது சரியா? அந்த அச்சுப் படங்களை மகளுக்கு எங்கிருந்து அறிமுகப்படுத்தலாம்? இணையத்தில் கிடைக்கும் பெரிய கோப்பு ஒன்றைக் கடையில் அச்சிட்டு அவள் அறையில் மாட்டலாமா? ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’ படத்தை இந்த வயதில் காட்டலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேறொரு வாரத்தில் உங்கள் கடிதம் வந்திருந்தால் நான்கு வரியில் பதில் எழுதியிருப்பேன். இந்த வாரம் முடியவில்லை. மூன்று நாளாக என் மேசைமேல் ஒரு தாள் கிடக்கிறது. பழைய காகிதக் கட்டுகளைக் காற்றாடப் பிரித்துப் போட்டபோது அகப்பட்டது. அதில் படம் என்று எதுவும் இல்லை. மேல் விளிம்பில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு அடர்ந்த நீலம். கீழே வரவர வெளுத்து, எங்கே முடிகிறது என்று தெரியாமல் தாளின் வெண்மைக்குள் போய்விடுகிறது. மீதியெல்லாம் வெற்றுத் தாள். பல ஆண்டுகளுக்கு முன் தோக்கியோவில் ஓர் அச்சுப் பட்டறையில் கழித்துப் போட்டது, கேட்டு வாங்கிவந்தேன். ஓரத்தில் இப்போது பழுப்புப் புள்ளிகள் விழத் தொடங்கியிருக்கின்றன. அந்த வருத்தத்தோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ‘வெறும் பின்னணி’ என்ற உங்கள் சொல் வந்து சேர்ந்தது.

அந்த ‘வெறும்’ என்பதைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். சிறுமிகள் நிறுத்தத்துக்கு வரும்போது இருக்கும் வெளிச்சம் வேறு; முதல் பஸ் வந்து, அப்பா இறங்காமல், அது கிளம்பிப்போன பிறகு இருக்கும் வெளிச்சம் வேறு. மரங்களின் பச்சை கறுத்துக்கொண்டே வருகிறது. தங்கை அக்காவின் முதுகில் தூங்கிவிடுகிறாள். நேரமாகிவிட்டது, அப்பாவைக் காணோம் என்ற பயத்தை எந்த வசனமும் சொல்வதில்லை. மரங்களுக்கு நடுவிலிருந்து ஏறி வரும் அந்த இருட்டு சொல்கிறது. உங்கள் மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதை நகர்ந்தது, அவளுக்குத் தெரிந்தது. யாராவது பேசினால், ஓடினால், அழுதால்தான் கதை என்று நம் கண்களை நாமே பழக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தை அவளுக்கும் தொற்றவைத்துவிடாதீர்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறேன்.

1988இல் வந்த அந்தப் படத்தின் கலை இயக்குநர் கசுவோ ஓகா. அகிதாவில் பிறந்தவர். பள்ளிப் பிள்ளைகள் கையில் இருக்குமே, நீரில் கரையும் போஸ்டர் கலர், அதைக் கொண்டு அந்தக் காடுகளை வரைந்தவர். 2007இல் தோக்கியோவின் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய பின்னணி ஓவியங்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடந்தது. அவற்றில் மனிதர்கள் இல்லை. டொட்டோரோவும் இல்லை. தூறலும் புல்லும் வரப்பும்தான்.

உங்கள் தம்பியின் ‘காப்பி’யைப் பற்றி நீளமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் எதையும் எதன் காப்பி என்றும் காட்டிவிடலாம். அச்சுப்பட ஓவியர் ஹொகுசாயின் ஃபூஜி மலைப் படங்களில் நாம் ‘ஜப்பானிய நீலம்’ என்று மயங்குகிறோமே, அது பெர்லினில் பிறந்த சாயம். கப்பலில் வந்தது. ஜப்பானியர்கள் அதற்கு வைத்த பெயரே ‘பெரோ-ஐ’, பெர்லின் நீலம். தொலைவில் போகப்போகக் கோடுகள் ஒடுங்கும் ஐரோப்பிய முறையை டச்சுக்காரர்கள் கொண்டுவந்த படங்களிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஹிரோஷிகே 1857இல் செய்த பாலத்து மழையை வான்கோ 1887இல் எண்ணெய்ச் சாயத்தில் அப்படியே திரும்ப வரைந்தார். யாரை யார் காப்பியடித்தது? அனிமேஷன் இயக்குநர் இசாவோ தகஹதாவோ இன்னும் பின்னால் போய், 12ஆம் நூற்றாண்டின் சுருள் ஓவியங்களில் அனிமேஷனின் வேர் இருக்கிறது என்று 1999இல் ஒரு புத்தகமே எழுதினார். மறைக்காமல் எடுத்தாள்பவர்களும் உண்டு. ஹொகுசாயின் மகளைப் பற்றி 2015இல் வந்த ‘மிஸ் ஹொகுசாய்’ படத்தில் அவருடைய புகழ்பெற்ற அந்தப் பெரிய அலை பகிரங்கமாகவே எழுகிறது. இதை இத்தோடு விட்டுவிடுவோம். தம்பியிடம் சொல்லுங்கள்: ஒட்டிவைத்துப் பார்ப்பது அவர் தொழிலுக்கு உதவும், இதற்கு உதவாது.

தோற்றத்தை விடுங்கள். கைவேலையைப் பாருங்கள். அச்சுப் படத்திலிருந்து அனிமேஷனுக்கு ஏதாவது வந்திருக்கிறது என்றால் அது அங்கேதான் இருக்கிறது.

ஹிரோஷிகேயின் பெயர் போட்ட தாளை ஹிரோஷிகே அச்சடிக்கவில்லை. அவர் செதுக்கவும் இல்லை. அவர் மெல்லிய தாளில் கோட்டோவியம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளையே காட்டுச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டு மற்ற மரத்தை எடுத்துவிடுவார். மூல ஓவியம் அதோடு அழிந்துபோகும். அந்தப் பலகையிலிருந்து கறுப்புக் கோட்டுப் பிரதிகள் சில எடுத்து ஓவியரிடம் திரும்பக் கொடுப்பார்கள். இந்த இடத்துக்கு இந்த நிறம் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிரதியில் அவர் குறித்துத் தருவார். அதற்கு ‘இரோசாஷி’ என்று பெயர். குறித்தபடி நிறத்துக்கு ஒரு பலகையாகச் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். பலகையின் மூலையில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றுமாக ‘கென்டோ’ என்று இரண்டு சிறு வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு முறையும் தாளின் ஓரம் அதில் போய் உட்கார வேண்டும். ஒரு மயிரிழை பிசகினால் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்.

அனிமேஷன் கூடத்தில் என்ன நடந்தது? ஒருவர் கோடு போடுவார். அது ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தகட்டுக்கு மாறும். எந்த இடத்துக்கு எந்த எண்ணுள்ள நிறம் என்று வேறொருவர் குறித்துக் கொடுப்பார். அதற்கு ‘இரோ ஷிதெய்’ என்று பெயர். அதன்படி இன்னும் பலர் நிறம் நிரப்புவார்கள். கறுப்புக் கோடு, அதற்குள் சமமான நிறம். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக உட்கார, விளிம்பில் துளைகள். ஹிரோஷிகே கடைசிக் காலத்தில் செய்த ‘எதோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ (எதோ என்பது தோக்கியோவின் பழைய பெயர்) வரிசையில் ஒரு பிளம் மரக் கிளை மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் இடுக்கு வழியாகத் தொலைவில் மனிதர்கள் சிறு புள்ளிகளாகத் தெரிவார்கள். அனிமேஷனிலும் அப்படி முன்னால் நிற்கும் கிளையையோ தூணையோ தனியே வரைந்து வெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்கள். அதை அவர்கள் ‘புக்’ என்பார்கள். அடுக்கு அடுக்காக உலகத்தைக் கட்டும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வானத்தைப் பற்றி.

அந்தப் பட்டறையில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அச்சுக்காரர், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இருந்த மேசை அவரிடமிருந்து விலகிச் சரிந்திருந்தது. தள்ளித் தேய்ப்பதற்கு அப்படி இருந்தால்தான் வசதி. அன்று அவர் வானம் மட்டும் அச்சடித்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பலகையைப் பார்த்தேன். வானத்துக்கான பலகையில் எதுவும் செதுக்கப்படவில்லை. மேகம் இல்லை, கோடு இல்லை. வழவழவென்று ஒரு சமதளம். ஈரத்துணியால் அதன் மேற்பகுதியைத் துடைத்தார். நீலத்தில் ஒரு சொட்டு, அரிசிப் பசையில் ஒரு சொட்டு வைத்தார். அகலமான தூரிகையின் ஒரு மூலையை மட்டும் நீலத்தில் தொட்டு, பலகையின் மேல் இடமும் வலமுமாக ஓட்டினார். தூரிகையின் ஒரு முனையில் நீலம், மறுமுனையில் தண்ணீர். ஓட ஓட நீலம் தானே இளகியது. முன்கூட்டியே ஈரமாக்கி அடுக்கி வைத்திருந்த தாள் ஒன்றை எடுத்து, கென்டோவில் ஓரத்தைப் பொருத்திக் கவிழ்த்தார். மூங்கில் மடல் சுற்றிய வட்டமான ‘பாரென்’ என்ற கருவியால் தாளின் முதுகில் தேய்த்தார். தூக்கினார். மாலை வானம் வந்திருந்தது.

இந்த மங்கலுக்குப் பெயர் ‘போகாஷி’. ஒவ்வொரு தாளுக்கும் முதலிலிருந்து துடைத்து, நனைத்து, ஓட்ட வேண்டும். ஓவியர் “மேலே நீலம், கீழே மங்கட்டும்” என்று சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். எவ்வளவு நீலம், எந்த இடத்தில் மங்குவது என்பதெல்லாம் அச்சுக்காரரின் மணிக்கட்டு முடிவுசெய்வது. ஹிரோஷிகேயின் பாலத்து மழைக்கு மேலே ஒரு கரிய மேகம் தொங்குகிறதே, அது ‘அதெனாஷி போகாஷி’, குறியில்லாத மங்கல் என்று பொருள். பலகையில் அந்த மேகத்துக்கு வடிவமே கிடையாது. அதனால் பிரதிக்குப் பிரதி மேகம் வேறு. கீழே பாலத்தில் ஓடும் மனிதர்கள் ஒன்றே, ஆற்றில் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறவன் ஒன்றே. தலைக்கு மேலே இருக்கும் வானம் மட்டும் ஒவ்வொரு தாளிலும் புதிது. பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில் மங்கலையே விட்டுவிட்டார்கள். தம்பி அனுப்பியது ‘ஹிரோஷிகேயின் மழை’ அல்ல, அம்மா; ஏதோ ஒரு நாள், ஏதோ ஓர் அச்சுக்காரர் தூக்கிப் பார்த்த ஒரு தாளின் நிழல்.

அந்தப் பெரியவர் என்னையும் செய்யச் சொன்னார். நான் ஓட்டிய தூரிகை நீலம் முடியும் இடத்தில் கத்தியால் கீறியது போல ஒரு கோட்டைப் போட்டது. மூன்று தாள் வீணாக்கினேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, தண்ணீர் இருக்கும் முனையை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார். கூட வந்த மாணவர் மொழிபெயர்க்க, நான் கேட்டேன்: “தாளின் ஓரத்தில் ஓவியர் பெயர் இருக்கிறது, பதிப்பாளர் முத்திரை இருக்கிறது. சில தாளில் செதுக்கியவர் பெயரும் பார்த்திருக்கிறேன். உங்கள் பெயர் எங்கே?” அவர் ஒரு தாளை எடுத்துத் திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். தாளின் முதுகு முழுக்க வட்டம் வட்டமாகப் பாரென் ஓடிய தடம். ஒன்றும் சொல்லாமல் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் பலகையைத் துடைக்கத் தொடங்கினார்.

ஊருக்கு வந்த பிறகு எனக்கு இன்னொன்று உறைத்தது. செல்லுலாய்டு தகட்டிலும் நிறத்தைப் பின்புறம்தான் பூசினார்கள். முன்புறம் கோடு, முதுகில் நிறம். தூரிகையின் தடம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. இரண்டு தொழிலிலும் எத்தனையோ பேர் ஆயுள் முழுக்கப் பின்புறத்திலேயே வேலை செய்திருக்கிறார்கள்.

1923 செப்டம்பர் முதல் தேதி தோக்கியோவைப் பூகம்பமும் தீயும் அழித்தபோது பதிப்பாளர் வதனபே ஷோசபுரோவின் கடையில் இருந்த பலகைகள் எரிந்தன. கவாசே ஹசுயின் வீடு எரிந்து, ஊர் ஊராக நடந்து வரைந்த குறிப்பேடுகள் சாம்பலாயின. இரண்டே ஆண்டில், 1925இல், உங்கள் தம்பி அனுப்பிய அந்தப் பனி வந்தது: ஷிபாவின் ஜோஜோஜி கோயில், சிவப்பு வாசல், குடையைச் சாய்த்துக்கொண்டு நடக்கும் ஒரு பெண். பலகை எரிந்தால் கோடு போய்விடும். வானம் பலகையில் இருந்ததில்லையே, அதனால் அது எரியவில்லை. கைகள் பிழைத்திருந்தன, அவ்வளவு போதும். அந்த வாசல் இன்றும் நிற்கிறது. பின்னால் தோக்கியோ டவர் எழும்பி நிற்கிறது. அது திறக்கப்பட்டது 1958இல். ஹசுய் அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டார்.

ஓவியர் யோஷிதா ஹிரோஷியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் 1926இல் ஜப்பானின் உள்நாட்டுக் கடலின் பாய்மரப் படகுகளை அச்சிட்டார். ஒரே பலகைகள். காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று ஆறு தாள்கள். சாயம் மட்டும் மாறுகிறது. படகு ஒரு விரல்கூட நகரவில்லை. ஆனால் ஆறையும் வரிசையாகப் பாருங்கள், ஒரு நாள் முழுவதும் கடந்துபோகிறது. அனிமேஷனில் ஒரே தெருவைப் பகலுக்கும் அந்திக்கும் இரவுக்கும் மூன்று முறை வரைகிறார்களே, அதற்கு இதைவிட நெருங்கிய உறவு எனக்குத் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் நீங்கள் தவறவிட்டதும் இதுதான். இந்த யோஷிதா 1930இன் இறுதியில் மகனுடன் இந்தியாவுக்கு வந்தவர். தாஜ்மஹால், காசி, எல்லோராவோடு நம் மதுரைக் கோயிலையும் மரத்தில் வெட்டி அச்சிட்டிருக்கிறார். 1937இல் அவர் செய்த நிக்கோ கோயில் வாசல் படத்துக்கு ஒரே தாளை 96 முறை பலகையில் கவிழ்த்துத் தேய்த்தார்கள். 96 முறையும் தாளின் ஈரம் மாறாமல் இருந்தாக வேண்டும். காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் எதுவும் பொருந்தாது. அந்த ஈரத்தைக் காத்தவர்கள் யார் என்று படத்தின் முன்புறம் சொல்லாது.

‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’ இப்போது வேண்டாம். நான்கைந்து ஆண்டுகள் போகட்டும். ஆனால் அதன் கலை இயக்குநர் நிசோ யமமோதோவின் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அவர் வரைந்த கோடை மேகங்களுக்கு ஜப்பானில் தனிப் பெயரே உண்டு, ‘நிசோ மேகம்’ என்று. ‘த கேர்ள் ஹூ லெப்ட் த்ரூ டைம்’ படத்தில் அந்த மேகங்கள் இருக்கின்றன. அதை மகளுக்குத் தாராளமாகக் காட்டலாம். தாளை ஈரமாக்கி, அகலத் தூரிகையால் நீலத்தை ஓட்டி, காய்வதற்குள் மங்கவைக்கும் வேலை, அந்தப் பட்டறையில் நான் பார்த்த அதே வேலை. 2023 ஆகஸ்டில் அவர் இறந்த செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. வானத்தை மட்டும் செய்த எத்தனையோ பேர் பெயரில்லாமல் போன பிறகு, ஒரு மனிதனின் பெயர் மேகத்துக்கு வைக்கப்பட்டதே என்று நினைத்துக்கொண்டேயிருந்தேன்.

கடையில் அச்சிட்டு மாட்டலாமா என்று கேட்டீர்கள். மாட்டுங்கள். பளபளக்கும் தாள் மட்டும் வேண்டாம். வெயில் படும் சுவரும் வேண்டாம். ஆனால் அதற்கு முதுகு இருக்காது என்பதை அவளுக்குச் சொல்லுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்குப் புத்தகப் பட்டியல் எதுவும் தரப்போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், நீல நிறம், அகலமான தூரிகை ஒன்று கொடுங்கள். கொஞ்சம் கனமான தாளை நனைத்து, அதிகப்படி நீரை ஒற்றியெடுத்துவிட்டு முன்னால் வையுங்கள். தூரிகையின் ஒரு மூலையில் மட்டும் நிறத்தைத் தொட்டு, மேல் விளிம்பில் இடமும் வலமும் ஓட்டச் சொல்லுங்கள். முதல் தாளில் கோடு விழும். இரண்டாவதிலும் விழும். நீங்கள் தூரிகையை வாங்கிச் சரிசெய்து காட்டிவிடாதீர்கள். தாள் நிறைய வாங்கி வையுங்கள்.